முறிந்த சாஃப்டும் உலோகச் சோர்வும்: பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நெல் மில்லின் சாஃப்ட் (சுழலும் தண்டு), ஆற்றுக்கு அக்கரை டல்லாப் பக்கத்துப் படகுகளின் புரொப்பெல்லர் சாஃப்ட், தோலாஜி என்கிற டீசல் சரக்கு வண்டியின் ஆக்ஸில், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவின் பெடல் தண்டு என்று முறிந்ததெல்லாம் என் மேசைக்கு வந்து சேரும். கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி வந்த பதில்களை, பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் மில்லும் வண்டியும் படகும் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

இரும்புக்குக்கூடக் களைப்பு வருமா?

வரும். கட்டுக்கம்பி ஒரு துண்டு எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். அறுபடாது. அதையே மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். பத்து இருபது தடவைக்குள் கையோடு வந்துவிடும். மடித்த இடத்தைத் தொட்டால் சுடும். முழு பலத்தோடு இழுத்தபோது தாங்கிய கம்பி, விரல் பலத்துக்கு விட்டுக்கொடுத்தது ஏன்? அந்தச் சின்ன பலம் திரும்பத் திரும்ப வந்ததால்தான்.

கம்பி கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைகிறது, அதனால் சீக்கிரம் போகிறது. சாஃப்ட் வளைவது கண்ணுக்கே தெரியாது, அதனால் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் தாங்குகிறது. சுமை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும்போது, ஒரே தடவையில் முறிக்கவே முடியாத பலம்கூட ஒரு விரிசலைத் தொடங்கிவைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து, கடைசியில் துண்டாக்கிவிடுகிறது. இதுதான் உலோகச் சோர்வு. பாடநூல்களில் அயர்ச்சி, களைப்பு என்றும் எழுதியிருப்பார்கள்.

ஒரு வாரம் மெஷினை நிறுத்திவைத்தால் ஆறிவிடுமா?

ஆறாது. மனிதக் களைப்புக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. ஆன சேதம் அப்படியே இருக்கும். மறுபடி ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத்தில் நிறுத்திவைத்தால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இரும்பு என்பது கண்ணுக்குத் தெரியாத படிகக் குருணைகள் நெருக்கி அடுக்கிய கூட்டம். ஒவ்வொரு குருணைக்குள்ளும் அணுக்கள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கின்றன. சுமை வரும்போது, வசமான திசையில் அமைந்த சில குருணைகளில் மட்டும் அந்தச் சீட்டுகள் துளி நழுவுகின்றன. சுமை திரும்பும்போது அவையும் திரும்ப நழுவுகின்றன. ஆனால் கிளம்பிய இடத்துக்கே சரியாக வந்து சேர்வதில்லை. இப்படி ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் மேல்பரப்பில் நுண்ணிய மேடும் பள்ளமும் உண்டாகும். அந்தப் பள்ளம் ஆழமாகி விரிசலாகும். 1903இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் ஸ்வீடன் நாட்டு இரும்பைத் திரும்பத் திரும்ப வளைத்து, இடையிடையே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இந்த நழுவல் கோடுகள் விரிசலாக மாறுவதைப் பதிவு செய்தார்கள்.

முதலில் விரிசல் சாய்வாக நுழையும். சில குருணைகளைத் தாண்டியதும் திரும்பி, இழுக்கும் பலத்துக்குச் செங்குத்தாகப் போகத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதன் நுனி கொஞ்சம் வாய் திறந்து மூடும். திறக்கும்போதெல்லாம் மயிரிழையில் ஒரு சிறு பங்கு முன்னேறும். மிச்சமிருக்கும் நல்ல இரும்பால் சுமையைத் தாங்க முடியாத நாள் வந்ததும் ஒரே அடியில் போய்விடும். அந்தக் கடைசி அடியைத்தான் நாம் "திடீரென்று முறிந்தது" என்கிறோம்.

என் மில்லில் பெல்ட் எப்போதும் ஒரே இழுப்பில்தான் இருக்கிறது. சுமை ஏறி இறங்கவே இல்லையே?

நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். சாஃப்டின் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியோடு சேர்ந்து மனதுக்குள் சுற்றிப் பாருங்கள். பெல்ட் சாஃப்டைக் கீழே இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேரிங்குக்கு நடுவில் சாஃப்ட் துளி கீழே வளைகிறது. புள்ளி கீழே இருக்கும்போது அந்த இடம் இழுபடுகிறது. அரைச் சுற்றில் மேலே வந்ததும் அதே இடம் நசுங்குகிறது. அடுத்த அரைச் சுற்றில் மறுபடி இழுபடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இழு, ஒரு தடவை நசுக்கு. கம்பியைக் கையால் மடக்கி நிமிர்த்திய அதே வேலை.

கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 300 சுற்று, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 1,80,000 சுற்று. ஆறாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டும். 56 நாளில் ஒரு கோடி ஆகிவிடும்.

அப்படியானால் மூன்று வருடம் ஓடிய சாஃப்ட் ஏன் இப்போது முறிந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டுப் பதில் சொல்வேன். காரணம் இதற்குள் இருக்கிறது.

சாதாரண எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், 1850களின் பிற்பகுதியிலிருந்து 1870 வரை ரயில் ஆக்ஸில்களைச் சுழற்றிச் சுழற்றி முறித்துப் பார்த்தார். சுமையைக் குறைக்கக் குறைக்க ஆக்ஸில் அதிகச் சுற்றுகள் தாங்கியது. ஒரு மட்டத்துக்குக் கீழே இறக்கியபோது எத்தனை லட்சம் சுற்றினாலும் முறியவில்லை. அந்த மட்டத்தைத் தாங்குவரம்பு என்று சொல்லலாம். பளபளப்பாகத் தேய்த்த சிறிய எஃகுத் துண்டில் அது ஒரே இழுப்பில் அறுக்கத் தேவையான பலத்தில் சுமார் பாதி. சொரசொரப்பு, பள்ளம், துரு எல்லாம் இருக்கிற நம் சாஃப்ட்களில் அதில் ஒரு பகுதிதான் மிஞ்சும்.

இப்போது மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடிச் சுற்றுக்குள் முறியாத எஃகு, பொதுவாக அதே நிலையில் வைத்தால் பிறகும் முறியாது. உங்கள் சாஃப்ட் இரண்டு மாதத்தில் அந்தத் தேர்வில் தேறிவிட்டது. மூன்றாம் வருடம் முறிந்தால், இடையில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடுங்கள். பெல்ட் நழுவுகிறது என்று யாராவது மிஞ்சி இறுக்கினார்களா? பெரிய புல்லி மாட்டினீர்களா? மழையில் அடித்தளம் ஒரு பக்கம் இறங்கி பேரிங் நேர்க்கோடு விலகியதா? பேரிங்கைக் கழற்ற உளி வைத்து அடித்து சாஃப்டில் காயம் பட்டதா? பக்கத்தில் வெல்டிங் செய்தவர் ராடை சாஃப்டில் தட்டிப் பார்த்து ஒரு பொட்டு விட்டாரா? கூரை ஒழுகி ஒரே இடத்தில் துருப் பிடித்ததா? கரன்ட் அடிக்கடி போய் வருவதும் ஒரு காரணம். மெஷின் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் சாஃப்ட் முறுக்கப்படுகிறது. அது சாதாரண ஓட்டத்தின் முறுக்கைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

முறிந்ததைப் போலவே இன்னொன்று செய்து கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடம் இதையெல்லாம் கேட்டு முடித்துத்தான் லேத்தைத் தொடுவேன்.

முறிந்த இடம் சர்க்கரை மாதிரி இருக்கிறது. இரும்பு பழசாகி உதிரி ஆகிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பொறியாளர்களே அப்படித்தான் நம்பினார்கள். நாராக இருந்த இரும்பு அதிர்ச்சியில் படிகமாக மாறிவிட்டது என்றார்கள். இரும்பு முதல் நாளிலிருந்தே படிகம்தான். சர்க்கரை மாதிரி மின்னுவது கடைசி அடியில் ஒரே வேகத்தில் பிளந்த பகுதி.

முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு நிலம் தெரியும். ஒன்று வழவழப்பாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், சில சமயம் துரு படிந்து பழுப்பாக இருக்கும். விரிசல் மெதுவாக நடந்த பாதை அது. இரண்டு முகமும் லட்சக்கணக்கான தடவை ஒன்றோடொன்று உரசியதால் வழவழப்பு வந்தது. அதன் மேல் வளைவு வளைவாகக் கோடுகள் இருக்கும். ஆற்றில் தண்ணீர் இறங்க இறங்கக் கரைச்சேற்றில் வரி விழுமே, அதே மாதிரி. மெஷின் நின்று ஓடிய, சுமை மாறிய காலங்களின் தடம் அவை. அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றிக் குவிகின்றனவோ, அங்கேதான் விரிசல் பிறந்தது. மற்ற நிலம் சொரசொரப்பாக, சர்க்கரையாக இருக்கும்.

எந்த நிலம் எவ்வளவு என்பதும் ஒரு சேதி. வழவழப்பு முக்கால் பங்குக்கு மேல் இருந்து சர்க்கரைப் பகுதி சின்னதாக இருந்தால், சுமை அதிகமில்லை. ஒரு காயம்தான் வேலையைக் கெடுத்தது. சர்க்கரைப் பகுதி பெரிதாக இருந்தால் சாஃப்ட் மிஞ்சிய சுமையில் ஓடியிருக்கிறது. விளிம்பில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னப் படிகள் இருந்தால் விரிசல் ஒரே நேரத்தில் பல இடத்தில் தொடங்கியிருக்கிறது. கூர்மூலை, அதிகச் சுமை இரண்டும் சேரும்போது அப்படி ஆகும். முறிவு நேராக வெட்டாமல் சுமார் 45 பாகையில் திருகிப் போயிருந்தால் வளைவைவிட முறுக்குதான் காரணம். சாவிக்காடியின் (புல்லியைப் பிடிக்கும் சாவி உட்காரும் நீளப்பள்ளம்) மூலையில் தொடங்கி இப்படிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

புதிது போட்டாலும் ஏன் அதே இடத்தில் முறிகிறது?

சுமை சாஃப்ட் முழுக்கச் சமமாக ஓடுவதில்லை. வாய்க்காலில் ஒரு கல்லை வைத்தால் தண்ணீர் அதன் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி, ஒரு துளை, ஒரு மூலை, ஒரு கீறல் இருந்தால் பலம் அங்கே குவியும். அகலமான தகட்டில் ஒரு சின்ன வட்டத் துளை போட்டாலே, அதன் விளிம்பில் பலம் மூன்று மடங்கு ஆகும் என்று 1898இல் கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டினார். துளை நீண்டு கூராக இருந்தால் இன்னும் அதிகம். தண்டவாளங்களை இணைக்கும் போல்ட் துளைகளிலிருந்து நட்சத்திரம் மாதிரி விரிசல் கிளம்புவதும், சைக்காவின் பெடல் தண்டு பெடல் திருகும் துளையில் முறிவதும் இதனால்தான்.

இதை நான் கற்றது ஒரு பையனின் கையில். தனியாகத் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், பெகுவுக்கு அப்பால் ஒரு நெல் மில்லுக்கு சாஃப்ட் கடைந்தேன். 60 மில்லிமீட்டர் தண்டு, பேரிங் உட்காரும் இடத்தில் 50. பேரிங் தோளில் (தடிமன் 60இலிருந்து 50 ஆக இறங்கும் படியில்) கச்சிதமாக ஒட்டி உட்கார வேண்டும் என்று, கூரான டூலை வைத்து மூலையைச் சதுரமாக வெட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. நான்கு மாதத்தில் அந்த மூலையில் முறிந்தது. இரும்பு சரியில்லை என்று நினைத்து, இன்னும் கெட்டியான எஃகு வாங்கி அதே மாதிரி கடைந்தேன். அது இன்னும் சீக்கிரம் முறிந்தது. இந்தத் தடவை புல்லியோடு சேர்ந்து எகிறிய துண்டு, சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பையனின் முன்கையை முறித்துவிட்டது.

அந்தத் துண்டை எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சயாவிடம் எடுத்துப்போனேன். அவர் முறிந்த முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முறியாத மறுமுனையைத் திருப்பி, நான் வெட்டிய தோள் மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் மூலையில் சிக்கி நின்றது. என் விரலைப் பிடித்து அதையே செய்யச் சொன்னார். பிறகு கிரைண்டரில் ஒரு டூலின் முனையை அரைவட்டமாகத் தேய்த்து, வேறொரு தண்டில் 3 மில்லிமீட்டர் வளைவோடு ஒரு தோள் வெட்டிக் காட்டினார். அதில் நகம் நிற்காமல் வழுக்கி ஏறியது.

பெரிய வளைவு கொடுத்தால் பேரிங் தோளில் முட்டி உட்காராதே என்று லேத் வேலை தெரிந்தவர்கள் கேட்பீர்கள். சரிதான். பேரிங்கின் உள்வளைய ஓரம் சின்னதாகத்தான் மழுக்கப்பட்டிருக்கும். அதற்கு, வளைவை மறைக்கிற மாதிரி உள்ளோரம் நன்றாகச் சரித்த ஒரு வளையத்தைத் தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவில் போடுங்கள். அரை மணி நேர வேலை. அந்த மில்லுக்கு மூன்றாவதாக அப்படிச் செய்து கொடுத்தது நான் அங்கே போய்வந்த காலமெல்லாம் ஓடியது. அந்தப் பையனின் கை கூடிவிட்டது, ஆனால் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்தே கூடியது.

நல்ல எஃகு போட்டும் ஏன் சீக்கிரம் முறிந்தது?

கெட்டியான எஃகுக்குக் காயம் பொறுக்காது. மிருதுவான இரும்பு மூலையில் துளி நெகிழ்ந்து கொடுத்து பலத்தைப் பரப்பிவிடும். கெட்டியானது நெகிழாது. வளைவும் மேற்பரப்பும் சுத்தமாக இருந்தால்தான் விலை கூடிய எஃகு அந்த விலைக்கு உழைக்கும்.

தடிமன் கூட்டுவது வேறு விஷயம், அது நிச்சயம் உதவும். தண்டின் மேல் விழும் வளைவுப் பலம் விட்டத்தின் மூன்றாம் மடிக்கு எதிராகப் போகிறது. 50 மில்லிமீட்டர் தண்டைத் தேய்மானம் எடுக்க 45 ஆகக் கடைந்தால், அதே சுமைக்கு அது தாங்க வேண்டிய பலம் 37 சதவீதம் கூடிவிடும். "அஞ்சு மில்லிதானே தம்பி" என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவேன்.

முறிந்த சாஃப்டை வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

சுழலும் சாஃப்டில் வேண்டாம். ஊர் திரும்பும் வரைக்கும் என்று ஒரு நாள் ஓட்டலாம், அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. வெல்டிங் உருகி ஆறும்போது சுருங்கும். சுருங்க விடாமல் சுற்றியுள்ள இரும்பு பிடித்துக்கொள்ளும். அதனால் சுமையே வராதபோதும் அந்த இடம் இழுபட்ட நிலையில் நிற்கும். வெல்டிங் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெட்டும், கசடு சிக்கிய நுண்ணிய பிளவும் இருக்கும். பக்கத்து இரும்பு சூடேறி ஆறியதில் கடினமாகி நொறுங்கும் குணம் வந்திருக்கும். விரிசல் புதிதாகப் பிறக்கக் காலமே தேவைப்படாது, முதல் நாளே வளரத் தொடங்கிவிடும். வெல்டிங் நடுவில் முறியாமல் ஓரத்தில் முறிகிறதே, அது இதனால்தான்.

சேசிஸ், கொக்கி, பாலத்துக் கர்டர் என்று வெல்டிங் தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு. அங்கே இரண்டு விஷயம். உயர்ந்த எஃகு போட்டாலும் வெல்டிங் ஓரத்தின் சோர்வு பலம் கூடாது, அது சாதாரண மிருதுவான இரும்புக்கு எவ்வளவோ அவ்வளவுதான். வெல்டிங் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக அடிப்பாகத்தோடு சேர்த்துவிட்டால் ஆயுள் நன்றாகக் கூடும். இன்னொன்று, முக்கியமில்லாத சின்ன வெல்டிங் என்று ஒன்று கிடையாது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு கருவியைப் பொருத்துவதற்காகத் தாங்குகுழாயில் சுற்றி வைத்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில்தான் அந்த விரிசல் தொடங்கியது.

வெல்டிங் இல்லாத பழுதுக்கும் இது பொருந்தும். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தில் 520 பேர் இறந்தார்கள். ஏழு வருடம் முன்பு வால் பக்கத்து அழுத்தச் சுவரைப் பழுது பார்த்தபோது, ஒரே இணைப்புத் தகடு போடவேண்டிய இடத்தில் அதை இரண்டாக வெட்டிப் போட்டதால், இரண்டு வரிசை ரிவெட் ஆணி தாங்க வேண்டியதை ஒரே வரிசை தாங்கியது. ஆணித் துளைகளிலிருந்து விரிசல் வளர்ந்து, சேர்ந்து, ஒரு நாள் சுவர் வெடித்தது.

தோலாஜியில் கொஞ்சம் கூட ஏற்றினால் என்ன ஆகிவிடும்?

வெல்டிங் செய்த உடம்பில் ஆயுள் சுமையின் மூன்றாம் மடிக்கு எதிராகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம், அது நடைமுறைக்கு நெருக்கமான கணக்கு. கால் பங்கு கூட ஏற்றினால் ஆயுள் பாதியாகும். இரண்டு மடங்கு ஏற்றினால் எட்டில் ஒன்று. இரண்டு நடையில் கொண்டுபோக வேண்டிய நெல்லை ஒரே நடையில் கொண்டுபோனால் டீசல் மிச்சம், சரி. ஆனால் அந்த ஒரு நடை வண்டிக்கு எட்டு நடை. குழி விழுந்த ரோட்டில் வேகமாகப் போனாலும் இதே கதைதான்.

போல்ட்டை மாற்றி மாற்றிப் போட்டும் முறிந்துகொண்டே இருக்கிறது. பெரிய போல்ட் போடலாமா?

முதலில் இறுக்கம் போதுமா என்று பாருங்கள். இறுக்கிய போல்ட் இழுபட்ட ரப்பர் மாதிரி இரண்டு பாகத்தையும் நெருக்கிப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து வரும் அதிர்வுச் சுமையின் பெரும்பகுதி, நெருக்கப்பட்ட பாகங்களிலேயே ஏறி இறங்கும், போல்ட்டுக்குக் கொஞ்சம்தான் வரும். தளர்ந்த போல்ட்டுக்கு முழுச் சுமையும் ஒவ்வொரு தடவையும் வரும். நட்டுக்குள் நுழையும் முதல் புரியில்தான் பலம் அதிகம் விழுகிறது, அங்கேதான் முறியும். மிஞ்சி இறுக்கினால் அறுந்துவிடும் என்று பயந்து அரைகுறையாக இறுக்குவதுதான் நம் பக்கம் அதிகம். கொத்தாக இருக்கும் போல்ட்களில் ஒன்று முறிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மற்றவையும் அதே சுமையைத் தாங்கியவை.

லைன் கார் (பயணிகள் வண்டி), லாரியின் பட்டை ஸ்பிரிங் ஏன் முறிகிறது?

நடுத்துளையில் முறிந்தால் யூ-போல்ட் தளர்ந்திருக்கிறது. வேறு இடத்தில் முறிந்தால் குழிந்த பக்கத்து மேல்முகத்தைப் பாருங்கள், இழுபடுவது அந்த முகம். புது ஸ்பிரிங்கில் அந்த முகத்தைச் சின்ன எஃகு மணிகளால் அடித்து அனுப்புவார்கள். அடி வாங்கிய தோல் நெருக்கப்பட்டிருப்பதால் விரிசல் வாய் திறக்கத் தயங்கும். அதைத் தெரியாமல் கிரைண்டர் போட்டு வழித்தெடுப்பது நல்லதைக் கெடுப்பது. ஸ்பிரிங் பட்டைக்கு வெல்டிங் கூடவே கூடாது.

படகின் சாஃப்ட் மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் போகிறது?

உப்பு. ரங்கூன் ஆற்றிலும் கீழ் டெல்டாவிலும் கடல் ஏற்றத்தோடு உப்புத்தண்ணீர் ஏறி வருகிறது. மேலே சொன்ன தாங்குவரம்பு, உப்புத் தண்ணீரில் நனைந்தபடி சுழலும் எஃகுக்குக் கிடையாது. துரு ஒரு குழி தோண்டும், குழியில் விரிசல் பிறக்கும், விரிசல் திறக்கும்போது தண்ணீர் உள்ளே போய் நுனியை அரிக்கும். சுமை எவ்வளவு குறைவாக இருந்தாலும் என்றாவது முறிந்தே தீரும். ஆகவே படகு சாஃப்டுக்கு எப்போதும் முறியாது என்ற கணக்கு வேண்டாம். இத்தனை சீசனுக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் முடிகிற ஓரம், புரொப்பெல்லர் உட்காரும் சரிவின் தடித்த முனை, சாவிக்காடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கட்டையில் மோதி ஒரு இலை மடங்கிய புரொப்பெல்லரோடு ஓட்டாதீர்கள்.

முறிவதற்கு முன்பே விரிசலைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதுவும் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் வைத்தே. பழைய ரயில்வே பட்டறைகளின் முறை இது. பெயின்ட், கிரீஸ், துரு போக அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசி அரை மணி நேரம் விடுங்கள், விரிசல் இருந்தால் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துணியால் ஒட்ட ஒட்டத் துடைத்து உலரவிடுங்கள். சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய வெள்ளையாகப் பூசுங்கள். ஸ்பிரிட் பறந்து வெள்ளை காய்ந்ததும் சுத்தியலால் சாஃப்டை லேசாகத் தட்டுங்கள். விரிசலில் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஒரு ஈரக்கோடு எழும்பும். முதல் தடவை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். துடைத்துப் பளபளவென்று இருந்த இரும்பில், தலைமுடியால் வரைந்த மாதிரி ஒரு கோடு.

சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் டப்பாவில் கிடைக்கிறது, அது இதே வேலையை இன்னும் தெளிவாகச் செய்யும். இரண்டும் மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டும்தான் காட்டும். நல்லவேளையாக, சோர்வு விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பிறக்கிறது.

விரிசலின் நுனியில் துளை போட்டால் நின்றுவிடும் என்கிறார்களே?

தகட்டில் கொஞ்ச காலம் நிற்கும். கூர்நுனி போய் வட்டம் வருவதால் அங்கே குவியும் பலம் குறைகிறது. உண்மையான நுனி கண்ணுக்குத் தெரிவதற்கும் அப்பால் இருக்கும், அதைத் தாண்டித் துளை போடவேண்டும். சாஃப்டில் இது பயன்படாது.

அலுமினியம் துருப்பிடிக்காதே, அதற்கு இந்தக் கவலை இல்லையா?

கவலை கூடுதல். அலுமினியத்துக்கு எஃகு போலத் தெளிவான தாங்குவரம்பு கிடையாது. சின்னச் சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதை உலகம் கற்ற கதையில் நம் ரங்கூனும் வருகிறது. காமெட் என்பது பயணிகளை ஏற்றிச்சென்ற முதல் ஜெட் விமானம், உடம்பு அலுமினியக் கலவை, 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒரு காமெட் சிங்கப்பூரில் கிளம்பி, பாங்காக், நம் ரங்கூன் மிங்கலாடோன் விமான நிலையம், கல்கத்தா, கராச்சி, பஹ்ரைன், பெய்ரூட், ரோம் என்று இறங்கி இறங்கி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜனவரி 10 அன்று ரோமில் எழும்பிக் கொஞ்ச நேரத்தில் எல்பா தீவின் அருகே வானத்திலேயே சிதறியது. 35 பேரும் இறந்தார்கள். மிங்கலாடோனில் அது இறங்கி ஏறியதும், அந்த உடம்புக்கு ஒரு சோர்வுச் சுற்று. மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் கூடி பலூன் மாதிரி இறுகுகிறது, இறங்கும்போது தளர்கிறது. அந்த விமானம் அதுவரை 1,290 தடவை அப்படி இறுகித் தளர்ந்திருந்தது. ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட்டும் விழுந்து 21 பேர் இறந்தார்கள்.

இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரால் அழுத்தி அழுத்தி விட்டார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 பறப்புக்குச் சமமானபோது ஜன்னல் மூலையிலிருந்து உடம்பு கிழிந்தது. கடலிலிருந்து எடுத்த துண்டுகளில், கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்து ஆணித்துளையில் விரிசல் தொடங்கியது தெரிந்தது.

செய்தவர்கள் சோதிக்காமல் விட்டவர்கள் அல்ல. 16,000 தடவைக்கு மேல் அழுத்திப் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தச் சோதனைத் துண்டை முதலில் ஒரு தடவை மிகக் கடுமையாக அழுத்தியிருந்தார்கள். அதில் துளை ஓரங்கள் நெகிழ்ந்து, பிறகு நெருக்கப்பட்ட நிலையில் நின்றன. ஸ்பிரிங் பட்டையை மணியால் அடித்த அதே பலன். சோதனைத் துண்டுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, பயணிகள் ஏறிய விமானங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதை முதலில் கவனித்தது யார்?

ஜெர்மனியின் சுரங்கத்தில் சங்கிலி அறுந்துகொண்டே இருந்ததால், 1829 வாக்கில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் சங்கிலிகளைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சோதித்தார். 1842 மே 8 அன்று வெர்சாய் நகரத்திலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சின் ஆக்ஸில் முறிந்து, தீப்பிடித்து, ஐம்பது பேருக்கு மேல் இறந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தின் ராங்கின், முறிந்த ஆக்ஸில்களைப் பார்த்துவிட்டு, தோள் மூலையை வளைவாக வெட்டுங்கள் என்று சொன்னார். என் சயா நகத்தால் காட்டியதும் அதுதான்.

முறிந்த துண்டைக் கொண்டுவரும்போது என்ன செய்யவேண்டும்?

இரண்டு துண்டையும் கொண்டுவாருங்கள். பொருந்துகிறதா என்று முகத்தோடு முகம் வைத்து அழுத்திப் பார்க்காதீர்கள், கோடுகள் நசுங்கி அழிந்துவிடும். கம்பி பிரஷ் போடாதீர்கள். துளி எண்ணெய் தடவி, காகிதத்திலோ பழைய லோஞ்சித் துணியிலோ தனித்தனியாகச் சுற்றுங்கள். எது பெல்ட் பக்கம், எது பேரிங் பக்கம் என்று சாக்பீஸால் குறியுங்கள். எப்போது மாட்டியது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசி ஆறு மாதத்தில் என்னென்ன கழற்றி மாட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். முதலாளிக்கு நினைவில்லாவிட்டால் மெஷின் ஓட்டும் தம்பியையும் கூட அழைத்து வாருங்கள். உளி எப்போது பட்டது, பெல்ட்டை எப்போது இறுக்கினார்கள் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.